காய்ச்சலுக்குப் பிறகு வாயைத் திறந்து பாருங்கள்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில், வாய் மற்றும் தாடை அறுவை சிகிச்சை நிபுணராக இருந்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் வெளியிடுகிறோம். - ஆசிரியர்)

காரியதரிசி என்னிடம், "டாக்டர், இந்த மாசம் நீங்க பல்லைப் பத்தி அரை மணி பேசணும்" என்றார். பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து காபி இருக்கும் பக்கம் போய்விடுவார்கள் என்பது என் நீண்ட நாள் அனுபவம். ஆகவே பல்லை விட்டுவிட்டு, பல் இருக்கும் இடமான வாயைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் ஒரே ஒரு விஷயம்தான். வைரஸ் காய்ச்சல் ஒன்றிலிருந்து தேறி வருகிறவர்களுக்கு வாயில் வரும் பூஞ்சைத் தொற்று.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதம் இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். யாரிடம் செய்தேனோ அவர் இன்று முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "தாராளமாச் சொல்லுங்கோ, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்" என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

ஊறுகாய் ஜாடியும் நம் வாயும்

நம் அகத்தில் மாவடுவோ எலுமிச்சங்காயோ ஊறுகாய் போடுகிறோம். ஒரு வருஷம் கெடாமல் இருக்கிறது. ஒரு நாள் யாரோ ஈரக் கரண்டியைப் போட்டு எடுக்கிறார்கள். பத்து நாளில் மேலே பூசணம் பூத்துவிடுகிறது. அந்தப் பூசணத்தின் விதை புதிதாக எங்கிருந்தோ வரவில்லை. அது எப்போதும் காற்றில் இருந்துகொண்டேதான் இருந்தது. உப்பும் எண்ணெயும் புளிப்பும் இருந்தவரை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈரம் பட்டதும் காவல் போய்விட்டது.

நம் வாயும் அப்படித்தான். கேண்டிடா என்று ஒரு பூஞ்சை உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் வாயில் அது சாதுவாகக் குடியிருக்கிறது. உமிழ்நீர் அதைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. வாயில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் காவல் காக்கின்றன. இன்னொரு வகை, மியூகர் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைகள். அவற்றில் முக்கியமானது ரைசோபஸ். பழைய ரொட்டியிலும் அழுகிய பழத்திலும் மண்ணிலும் வளரும். அதன் விதைத் தூளை நாம் தினமும் சுவாசிக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை.

ஆகவே, "இது எங்கேயிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?" என்று கேட்பதில் பயனில்லை. "ஈரக் கரண்டி எது?" என்றுதான் கேட்க வேண்டும்.

காய்ச்சல் விட்ட பிறகு ஏன்?

ஒரு கடுமையான வைரஸ் காய்ச்சலில் ஈரக் கரண்டிகள் நாலைந்து ஒரே சமயத்தில் விழுகின்றன.

முதலாவது, வைரஸே நம் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கிறது. இரண்டாவது, ஆன்டிபயாடிக். அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் வாயிலுள்ள பாக்டீரியாக்களைக் குறைத்து, பூஞ்சைக்கு இடம் காலி செய்து கொடுக்கும். மூன்றாவது, வாய் உலர்ந்து போவது. காய்ச்சலில் தண்ணீர் குடிப்பது குறைகிறது. மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுகிறோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தால் இன்னும் உலர்கிறது. நாலாவது, படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பல் தேய்த்துவிட யாருக்கும் தோன்றுவதில்லை. பல் செட் இருந்தால் அது நாள்கணக்கில் வாயிலேயே கிடக்கிறது.

ஐந்தாவதுதான் பெரியது. ஸ்டீராய்டு. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெகவரி ஆய்வு, கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிரைக் காக்கிறது என்று நிரூபித்தது. மிகப் பெரிய உதவி. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்த அளவு தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இந்தப் பின்பாதியை 2021 இரண்டாம் அலையின் பயத்தில் பலர் மறந்துவிட்டார்கள். ஸ்டீராய்டு வெள்ளை அணுக்களின் வேலையை மந்தமாக்கும், இரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். பூஞ்சைக்கு இரண்டும் சௌகரியம்.

நமக்கோ ஏற்கெனவே சர்க்கரை அதிகம். ஐ.சி.எம்.ஆரும் சென்னையின் மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அதற்கு முந்தின நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். "எனக்கு பார்டர்லதான் இருக்கு" என்று கல்யாணப் பந்தியில் சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை பாயசம் கேட்கிறவர்கள் இந்த 13 கோடியில் சேர்ந்தவர்கள்.

தயிர் போன்ற வெண் திட்டு

முதலில் சாதுவான பூஞ்சை. கைக்குழந்தைகளுக்கு வாயில் வெள்ளையாகப் படியுமே, நம் பாட்டிமார்கள் அக்கரம் என்பார்களே, அது கேண்டிடாதான். பெரியவர்களுக்கும் அதே மாதிரி நாக்கில், உட்கன்னத்தில், அண்ணத்தில் தயிர்த் துளிகள் ஒட்டினாற்போல வரும். துடைத்தால் பெயர்ந்து வரும், அடியில் சிவந்திருக்கும், சில சமயம் இரத்தம் கசியும். எல்லோருக்கும் வெள்ளையாகத்தான் வரும் என்பதில்லை. சிலருக்கு நாக்கு வழவழவென்று சிவந்துவிடும். சிலருக்கு வாயின் இரு ஓரங்களும் வெடிக்கும். பல் செட் போட்டவர்களுக்கு, செட்டுக்கு அடியில் அண்ணம் முழுவதும் சிவந்திருக்கும். வலி அவ்வளவாக இருக்காது. ரசம் சாதம் கூட எரிகிறது, எதிலும் ருசி இல்லை என்பார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? "உடம்பு சூடு" என்கிறோம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மணத்தக்காளிக் கீரை. கீரை நல்லதுதான், ஆனால் பூஞ்சையை அது போக்காது. இன்னும் சிலர் மருந்துக் கடையில் வாய்ப்புண் களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதைப் பூஞ்சையின் மேல் தடவுவது பூசணம் பிடித்த ஊறுகாயில் மறுபடியும் ஈரக் கரண்டியைப் போடுவது மாதிரி.

சரியான சிகிச்சை எளிது. டாக்டர் பார்த்து கிளோட்ரிமசோல் அல்லது நிஸ்டாடின் என்ற மருந்தை வாயில் தடவவோ, வாயில் வைத்திருக்கவோ கொடுப்பார். இந்த நிஸ்டாடினைக் கண்டுபிடித்து 1950-இல் அறிவித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், மற்றவர் ஆல்பனியில். மண் மாதிரிகளையும் மருந்து மாதிரிகளையும் தபாலில் அனுப்பிக்கொண்டே வேலை செய்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதன் சுருக்கம்தான் அந்த மருந்தின் பெயர்.

வெண் திட்டு மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாமல், டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும். பல் செட்டை ராத்திரி கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். வாயை மட்டும் குணப்படுத்திவிட்டு செட்டைச் சுத்தம் செய்யாவிட்டால், பத்தே நாளில் செட்டிலிருந்து மறுபடியும் வாய்க்கு வந்துவிடும். ஆஸ்த்மாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் உபயோகிப்பவர்கள், ஒவ்வொரு முறையும் தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யாமல் வருஷக்கணக்கில் வாய் எரிச்சலோடு இருந்த மாமிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்காத கேள்வி

இப்போது முன் வரிசை மாமாவின் கதை.

2021 ஏப்ரலில் அவருக்குக் கொரோனா. ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், அது தேவைதான். உயிர் பிழைத்து அகத்துக்கு வந்தார். வரும்போது ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது தீர்ந்ததும், "இதனாலதான் தேறினார்" என்று அதே சீட்டைக் காட்டி மறுபடியும் இரண்டு தடவை வாங்கிப் போட்டார்கள். சர்க்கரை அவருக்கு பார்டரில். வீட்டில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உடம்பு தேற வேண்டுமே என்று வேளைக்கு வேளை பழ ஜூஸ், ஹார்லிக்ஸ், சத்து மாவுக் கஞ்சி. எல்லாம் பிரியத்தினால் செய்ததுதான்.

மே மாதம் ஒரு நாள் காலையில் எனக்கு ஃபோன். "டாக்டர், வலது பக்கம் மேல் பல்லு ரெண்டு மூணு ஆடறது. வலிக்கிறது. கன்னம்கூட ஒரு மாதிரியா இருக்கு" என்றார். ஊரே அடைத்துக் கிடந்த சமயம். பல் கிளினிக்குகள் பெரும்பாலும் மூடியிருந்தன. அறுபத்தேழு வயது, ஈறு வியாதி இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். "கவலைப்படாதீங்கோ மாமா, ஒரு ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் சொல்றேன். ஒரு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றேன்.

"கன்னம் ஒரு மாதிரியாக இருக்கிறது" என்றால் என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "மரத்துப் போயிருக்கு" என்று சொல்லியிருப்பார். சாதாரணப் பல் சீழ் வலிக்கும், வீங்கும். கன்னத்தை மரக்கச் செய்வது அபூர்வம். கண்ணுக்குக் கீழே எலும்பு வழியாக வரும் நரம்பு பாதிக்கப்பட்டால்தான் கன்னமும் மேல் உதடும் மரக்கும். முப்பது வருஷம் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அன்றைக்கு எனக்கே ஞாபகம் வரவில்லை.

நாலாம் நாள் காலை அவர் வாய் கொப்பளிக்கும்போது துர்நாற்றம் வருகிறதே என்று மாமி, செல்ஃபோன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்திருக்கிறார். அண்ணத்தில் வலது பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு. உடனே படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பார்த்தவுடன் எனக்குக் கை நடுங்கியது. ஒரு மணி நேரத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை 400-க்கு மேல். திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் மியூகர்மைகோசிஸ்.

கறுப்பு எங்கிருந்து வந்தது?

கறுப்புப் பூஞ்சை என்று பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டன. அந்தப் பூஞ்சை கறுப்பு அல்ல. அது இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. இரத்தம் போகாத இடம் செத்துக் கறுத்துவிடுகிறது. மூக்கில் இறங்கி, சைனஸ், மேல் தாடை, கண், மூளை என்று வாரக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் பரவக்கூடியது. சர்க்கரை மிஞ்சி இரத்தத்தில் அமிலம் சேர்ந்தால், அடைபட்டிருந்த இரும்புச்சத்து விடுபடுகிறது. இந்தப் பூஞ்சைக்கு அது விருந்து.

2021 மே 20-ஆம் தேதி, மத்திய சுகாதார அமைச்சகம் இதை 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000-க்கு மேற்பட்டவர்களுக்கு வந்து, 4,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். நம் மகாராஷ்டிரமும் பக்கத்துக் குஜராத்தும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவை.

அந்தச் சமயம் வதந்திக்கும் குறைவில்லை. வெங்காயத்தின் மேல் தோலில் இருக்கும் கறுப்புத் தூள்தான் இது என்று ஒரு செய்தி சுற்றியது. வெங்காயமே தொடாத நம்மவர் சிலர் அதைப் படித்துவிட்டு ரொம்பப் பெருமைப்பட்டார்கள்! வெங்காயத்தில் இருப்பது ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற வேறு பூஞ்சை. பூண்டும் வெங்காயமும் தள்ளினவர்களையும் மியூகர் விடவில்லை. சர்க்கரைதான் அதற்குக் கணக்கு.

இதற்கு மருந்து ஆம்ஃபோடெரிசின்-பி, ஊசி மூலம். கொழுப்பில் பொதிந்த வகை என்றால் உடல் எடையில் கிலோவுக்கு தினம் 5 மில்லிகிராமாவது வேண்டும். மாமா 70 கிலோ. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். தினம் ஏழு குப்பி, வாரக்கணக்கில். அந்த மே மாதத்தில் ஏழு கேட்டால் மூன்று கிடைத்த நாளும் உண்டு, ஒன்றும் கிடைக்காத நாளும் உண்டு. அரசாங்கம் ஒதுக்கீடு செய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. ஜூன் 12-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த மருந்துக்கு வரியை நீக்கியது. மருந்து மட்டும் போதாது. செத்த திசுவுக்குள் இரத்தம் போகாததால் மருந்தும் போகாது. வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

மாமாவுக்கு வலது பக்க மேல் தாடையும் அண்ணத்தில் பாதியும் எடுக்கப்பட்டன. கண் தப்பியது. உயிர் தப்பியது. மாமி டார்ச் அடித்துப் பார்க்காமல், நான் சொன்னபடி ஒரு வாரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்காத நாள் குறைவு.

அண்ணம் இல்லாவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லை. குடித்த தண்ணீர் மூக்கில் வரும். பேச்சு முழுக்க மூக்கால் வரும். வாரா வாரம் நம் சங்கத்தில் விஷ்ணு சகஸ்ரநாமத்தை முன் நின்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாமத்தைக்கூடத் தெளிவாகச் சொல்ல முடியாமல் இருந்தார். பிறகு அப்ட்யூரேட்டர் என்று, அந்த ஓட்டையை அடைக்கும் பிளேட் ஒன்றைப் பல்லோடு சேர்த்துச் செய்து பொருத்தினோம். மூன்று தடவை திருத்தினோம். இப்போது சனிக்கிழமை பாராயணத்துக்கு வந்தீர்களானால், எது அவர் குரல் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எல்லோருடைய குரலோடும் சேர்ந்துவிட்டது.

ஞாபகம் வைக்க வேண்டியவை

கொரோனாவோ, இன்ஃப்ளுயன்ஸாவோ, டெங்குவோ, கடுமையான காய்ச்சலிலிருந்து தேறுகிறவர் வீட்டில் இருந்தால், ஒரு மாதமாவது இவற்றைச் செய்யுங்கள்.

1. தினம் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு, உட்கன்னம், முக்கியமாக அண்ணம். பல் செட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

2. ஸ்டீராய்டு போடும் காலத்திலும் அதற்குப் பிறகும் சர்க்கரையைச் சோதியுங்கள். முன்பு சர்க்கரையே இல்லாதவர்களும் சோதிக்க வேண்டும்.

3. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்காதீர்கள். அதே சமயம், நீண்ட நாளாகப் போட்டுவரும் ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து. இரண்டும் டாக்டர் சொல்படிதான்.

4. ஒரு பக்கமாக முகவலி, கன்னம் மரத்தல், மூக்கிலிருந்து கறுப்பு அல்லது இரத்தம் கலந்த கசிவு, ஒரே பக்கத்தில் பல பற்கள் திடீரென்று ஆடுதல், ஈறில் பல இடங்களில் சீழ், அண்ணத்தில் கறுப்பு, இமை தொங்குதல், இரட்டையாகத் தெரிதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஃபோனில் வைத்தியம் கேட்காதீர்கள். என்னைப் போன்ற ஆசாமியிடம் கேட்டால்கூட!

கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: கறுப்புப் பூஞ்சை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?
பதில்: தொற்றாது. நோயாளியைத் தொட்டுப் பணிவிடை செய்யலாம்.

கேள்வி: என் நாக்கு கறுப்பாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
பதில்: இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டிபயாடிக், வாய் சுத்தக்குறைவு இவற்றால் நாக்கின் மேல் கறுப்பாகப் படியலாம். அது மியூகர் அல்ல. ஆனாலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆயில் புல்லிங் செய்தால் பூஞ்சை வராதா?
பதில்: செய்வதில் கெடுதல் இல்லை. அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

கேள்வி: வெண் திட்டுக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடலாமா?
பதில்: கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக் கசிவு வரலாம். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். மேலும், மியூகருக்கு அது வேலையே செய்யாது. குணமாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நாள் போய்விடும்.

இன்று வீட்டுக்குப் போனதும், யாராவது காய்ச்சலில் படுத்து எழுந்தவர் இருந்தால், ஒரு டார்ச்சை எடுத்து "ஆ" சொல்லச் சொல்லுங்கள். டாக்டராகிய நான் செய்யாததை ஒரு மாமி செய்தார். அதற்குப் படிப்பு வேண்டாம், பார்க்க வேண்டும் என்று தோன்றினால் போதும்.